பாரம்

பஹாவில், இரும்புக்கடைக்கு மேல்மாடி.
இரண்டு நாள் பயிற்சி. பதினோரு பேர்,
ஒரு மின்விசிறி, ஆறிப்போன கறிபாப்.
கெபாஜிக்கானிலிருந்து வந்த புவான் ரொஹைடா
பலகையைத் தட்டிச் சொன்னார்:
"முடியுமா என்று கேட்காதீர்கள்.
கேட்டால், முடியும் என்றுதான் சொல்வார்கள்."

எனக்கு முதுகு வேர்த்தது.
செம்பனைக் குலை விழுந்து இடுப்பொடிந்த சன்னாசியிடம்
போன வருஷம் அப்படித்தான் கேட்டேன்.
தனியா குளிப்பீங்களா?
குளிப்பேனே.
நடப்பீங்களா?
அதுக்கென்ன.
கட்டத்துக்குக் கட்டம் 'யா' என்று கோடு போட்டு
பாரத்தை அனுப்பிவிட்டேன்.

இல்லை என்று கடிதம் வந்த அன்று
எனக்குத் தேநீர் கொண்டுவந்தார்,
சுவரைப் பிடித்துப் பிடித்து,
பாதியைச் சிந்தி.
பார்த்தேன். எழுதவில்லை.

மதியத்துக்கு மேல் ஜோடி ஜோடியாக நடிப்பு.
நான் விண்ணப்பக்காரன்.
எதிரே ஜெம்போலிலிருந்து வந்த ஜெபமாலை:
"நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க?
சட்டை யாரு போட்டுவிட்டா?
பொத்தானுக்கு எவ்வளவு நேரம்?"
நடிக்கத்தான் உட்கார்ந்தேன்.
சன்னாசியின் வாய் என் வாய்க்குள் வந்து
முடியும் என்றது, மூன்று தடவை.
நாலாவது கேள்விக்குச் சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை அதே லயம். புதுப் பாரம்.
"நேத்து தண்ணி மோந்து ஊத்துனது யாரு?"
குலை ஏற்றிய லாரி ஒன்று வாசலைக் கடந்தது.
அது முழுக்கப் போகும்வரை அவர் பேசவில்லை.
"மக.
பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி.
அத எழுதாதீங்க."

கட்டம் சின்னது.
பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.