பின்பக்கம் ஒரு சாண்

க.க.சாவடியிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குப்
பதினான்கு கிலோமீட்டர்.
மாசியில் ஐம்பது நிமிடம்.
ஆடியில் எவ்வளவு என்று
என்னைக் கேட்காதீர்கள்,
கணவாயைக் கேளுங்கள்.

அம்மி பறந்து நான் பார்த்ததில்லை.
சுங்கச்சாவடியின் பிளாஸ்டிக் கூம்புகள்,
லாட்டரிக்காரர் கையிலிருந்த நாளைய கோடி,
என் சோற்று டப்பாவின் மூடி
இவை பறந்திருக்கின்றன.

சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாள் செருகி
இரண்டு ஆடிகள் ஓட்டினேன்.
ஆலை வாசலில் உருவியெடுத்தால்
ஞாயிறு வரன் விளம்பரம்
இடவலம் மாறி உள்சட்டையில் பதிந்திருக்கும்.
எடைமேடையில் என்னோடு ஷிப்ட் பார்க்கும் ரெஜினா
கைக்கண்ணாடி பிடித்து வாசிப்பாள்:
'சொந்த வீடு. கெட்ட பழக்கம் இல்லை.'
பாதி உண்மை என்பேன்.

அதனால்தான் இந்த வருஷம் ஜாக்கெட்.
பாலக்காட்டில், ஸ்டேடியம் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடிப்படி ஏறிப் போகிற கடை.
ஆடித் தள்ளுபடி உண்டா என்றேன்.
'இங்கே கர்க்கடகம் சேச்சி,
கஞ்சிதான் உண்டு' என்றார் ஷிஹாபுதீன்.

முதல் ஜாக்கெட்டின் துணியில்
வாய் வைத்து ஊதினேன்.
மறுபக்கம் காத்திருந்த உள்ளங்கைக்கு
உடனே தெரிந்துவிட்டது.

இரண்டாவதில் எதுவும் போகவில்லை.
மேசைவிசிறியை ஐந்தில் வைத்தும் போகவில்லை.
'காற்று கடக்கில்ல, கேரண்டி.'
போட்டுக்கொண்டு அவர் படிகளையே
ஏறி இறங்கினேன், நான்கு முறை.
மூன்றாம் முறையிலேயே
முதுகில் மட்டும் தனி மழை.
இட்லிப் பானைக்குக்கூட மூடியில் ஓட்டை உண்டு.

மூன்றாவது எல்லாம் தெரிந்தது.
அக்குளில் ஜிப், தோளுக்குக் கீழே வலை,
நெஞ்சில் இரட்டைத் துணி.
நாலாயிரத்து முந்நூறு.
என் சைக்கிளைவிட நானூறு கம்மி.
'யோசிச்சு வரேன்' என்றேன்.
எல்லா மொழிக் கடைக்காரருக்கும்
அதற்கு அர்த்தம் தெரியும்.

மறுநாள் காலை வாளையாறில் டீ.
பக்கத்தில் கொச்சிக்குப் போகும் வெங்காய லாரி.
கிளீனர் பையன் தார்ப்பாயை
நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.
கீழே நின்று கத்தினார் டிரைவர்:
'முன்னாடி இறுக்குடா.
பின்னாடி ஒரு சாண் விடு.
முழுசா மூடினா ஆலுவா தாண்டுறதுக்குள்ள
ரசம் வைக்கலாம்.'

டீ ஆறியதைப் பிறகுதான் பார்த்தேன்.

சாயங்காலம் போய் இரண்டாவதை வாங்கினேன்.
ஆயிரத்து நூற்றைம்பது.
சாவடி டெய்லர் மரியசூசை
புதுத் துணியில் கத்திரி வைக்க
இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார்.
தோள்பட்டைக்குக் கீழே ஒரு சாண் கிழித்து
வெங்காயப் பையின் சிவப்பு வலையை வைத்துத் தைத்து
மேலே ஒரு மடிப்பு, மழைக்கு.
அக்குளில் பக்கத்துக்கு நாலு கண், ஷூவுக்கு அடிப்பதுபோல.
கூலி நூற்றிருபது.
கேரண்டி அன்றோடு போயிற்று.

காற்று நெஞ்சில் முட்டியது, உள்ளே வரவில்லை.
மிதிப்பது அதே பாடுதான்,
அதற்கு எந்தக் கடையிலும் துணி கிடையாது.
ஆனால் முதுகு காய்ந்திருந்தது.
ரெஜினா சைக்கிளோடு என்னை மேடையில் ஏற்றினாள்:
எண்பது கிலோ.
இருபதுக்குக் குறைந்த எதுவும்
அந்த எந்திரத்துக்குத் தெரியாது.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து.
சுங்கச்சாவடி தாண்டி ஓரிடத்தில்
அதன் வேகமும் என் வேகமும் ஒன்றாகிவிட்டன.
பனைகள் கிழக்கே சாய்கின்றன,
கட்சிக் கொடி கம்பத்தில் கிழிகிறது,
என்மேல் ஒரு மூச்சும் இல்லை.
செயின் ஓடும் சத்தம் கேட்கிறது.
வியர்க்கிறது.

ஜிப்பை இடுப்புவரை இறக்கிவிட்டேன்.
முதுகு வலையிலிருந்து
வெங்காய வாசம் இன்னும் போகவில்லை.