நாற்பது பக்கக் கொப்பி

முதல் பக்கத்தில் மான்.
திருமலை பஸ் நிலையத்தில் லஞ்ச் ஷீட் தின்றுகொண்டு நின்றது,
எட்டாம் மாத வயிற்றோடு நான் அதற்கு வழிவிட்டேன்.
கொம்பு எனக்குச் சரிவரவில்லை;
மரக்கிளை என்று நீ நினைத்தாலும் பிழையில்லை.

அடுத்து ஆஸ்பத்திரி ஜன்னல், அதில் கொஞ்சம் கடல்.
உன் கைப்பட்டியைச் சோற்றால் ஒட்டினேன்:
'விதுர்ஷிகாவின் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ.'
பெயர் அவர்கள் வைப்பார்கள்.

'ஏன்' என்று தலைப்பிட்டதை மூன்று தரம் கிழித்தேன்.
ஒரு தாள் போனால் அதன் சோடியும் கழன்றுவரும்;
அதில்தான் உன் முதல் கொட்டாவி இருந்தது.
திரும்ப எழுதினேன்.

நாளை பத்து மணிக்கு நன்னடத்தைக் கந்தோர்.
கொப்பி மெலிந்துவிட்டது.
பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டிருக்கிறது.
அதன் கீழே, பென்சிலால்,
உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையின் பெயர்.