மூன்று கிலோ சர்க்கரை

வால்பரைசோவில் எதை வாங்கினாலும்
முதலில் படிகளைக் கேட்க வேண்டும்.
என் வீட்டுக்கு நூற்று அறுபத்தெட்டு.
மலையேற்றும் வண்டி போன வருஷமே நின்றுவிட்டது.

ஓஸ்வால்டோ இரண்டையும் திறந்து வைத்தார்.
ஒன்று, ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.
பத்து மணி நேரம் தாங்கும் பேட்டரி.
நோட்டரி அலுவலகப் பத்திரங்களுக்கு
அதுவே அதிகம்.
மற்றது, விசைப்பலகைக்கு அடியில்
சிவப்பு விளக்கெரியும் முரடு.
சார்ஜரே ஒரு செங்கல்.

"யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.
யோசிக்க வேண்டியது கால்கள்.
மூன்று கிலோ சர்க்கரை வாங்கி
முதுகுப்பையில் போட்டு ஏறிப் பார்த்தேன்.
தொண்ணூறாவது படியருகே
துணி உலர்த்திக்கொண்டிருந்த யாஸ்னா
"கேக் கடை போடப் போகிறாயா?" என்றாள்.
சிரிக்க மூச்சில்லை.

இரவு பதினோரு மணிக்கு
புன்டா அரீனஸிலிருந்து மிர்கோ வருவான்.
நேரில் பார்த்ததில்லை.
விளையாட்டுக்குள் ஒரு பாலத்தைக் காப்பது
எங்கள் இருவர் பொறுப்பு.
என் பழைய லேப்டாப் திக்கித் திணறி
நான் ஓடிச் சேர்வதற்குள்
பாலம் இடிந்திருக்கும்,
அவன் செத்துக் கிடப்பான்.
"பரவாயில்லை" என்று தட்டுவான்.
ஆறு மாதமாகப் பரவாயில்லை.

முரடையே வாங்கினேன்.
அலுவலகத்தில் அதன் விசிறி சுற்றத் தொடங்கினால்
விமானம் எத்தனை மணிக்கு என்கிறார்கள்.
ஒன்றரை மணி நேரத்துக்கொரு முறை
பிளக் தேடி அலைகிறேன்.
இடது தோளில் தைல வாசனை.

நேற்று பாலம் நின்றது.
மிர்கோ எதுவும் தட்டவில்லை.
என் பக்கத்தில் வந்து
இரண்டு முறை குதித்தான்.

சர்க்கரை இன்னும் தீரவில்லை.