குளியல்தொட்டி

புவனோஸ் ஐரிஸில் ஐந்தாவது விடுதி.
பன்னிரண்டு தாண்டினால் பெரியவர் கணக்காம்.
ஹிமேனாவுக்குப் பதினைந்து.
எங்களைத் தெரியாதவள்போல்
லிஃப்ட் பக்கம் நின்றாள்,
காதில் ஹெட்போன்.

இரண்டு அறை எடுத்தால்
மொந்தேவிதேயோ திரும்பக் கப்பல் காசு மிஞ்சாது.
கிராசியேலா பேசிப் பேசி
ஒரு மடக்குக் கட்டில் வாங்கினாள்.
விரித்தால் குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது.
படுத்தால் மகளின் கணுக்கால்
வெளியே தொங்கியது.
போன கோடையில்
இதேபோல் ஒன்றில் சுருண்டு கிடந்தவள்தானே?

"அப்பா குறட்டை விட்டா
நான் வராந்தாவுக்குப் போயிடுவேன்."

தலையணையைத் தூக்கிக்கொண்டு
தொட்டிக்குள் இறங்கினேன்.

மணி மூன்று இருக்கும்.
கதவிடுக்கில் ஒருக்களித்து நுழைந்து
விளக்கைப் போடாமல்
கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்தாள்.
"தூங்கிட்டியா?"

மாசி முழுக்க
"ம்" தவிர எதுவும் சொல்லாதவள்
குழாய் சொட்டச் சொட்டப் பேசினாள்,
யாரோ லூத்தாரோவைப் பற்றி,
கணக்குப் பரீட்சையில் தான் வைத்த
வெற்றுத்தாளைப் பற்றி.
கழுத்து பிடித்துக்கொண்டது.
அசைந்தால் எழுந்து போய்விடுவாள் என்று
அப்படியே கிடந்தேன்.

காலையில் கிராசியேலா சொன்னாள்:
"மூணு கட்டில் அறை ஒண்ணு காலியாகுதாம்,
அதே வாடகைதான். மாறிக்கலாமா?"

வேண்டாம் என்று தலையாட்டப் பார்த்தேன்.
கழுத்து திரும்பவில்லை.