பெறுகை முத்திரை

வக்கீல் ஜெபராணி
பையை மேசையில் கொட்டச் சொன்னார்.
சம்பளச் சீட்டுகள், மாற்றுத்திறனாளி அட்டை,
காலிப்பரின் அறுந்த பக்கிள்,
எப்போதோ வாங்கிய இஞ்சி மரப்பா.
"வலிச்சதை அப்புறம் சொல்லுங்க.
முதல்ல தேதி."

மணலி கன்டெய்னர் யார்டு.
பதினொரு வருஷம் கீழ்த்தள ஜன்னலில்
டிரைவர்கள் நீட்டும் கேட் பாஸுக்கு
நம்பர் போட்டவள் நான்.
ஆடி மாசம் என் மேசை மட்டும்
மாடிக்குப் போனது.
முப்பத்தாறு படி.
இருபதாவதோடு கைப்பிடி முடிகிறது.
அதற்கு மேல் சுவர்தான்.
வெள்ளைச் சுவரில் என் உள்ளங்கை அழுக்கு
ஒரு கோடாக ஏறிப் போகிறது.
அதையும் படம் எடுத்திருக்கிறேன்.

கீழேயே உட்கார அனுமதி கேட்டு எழுதினேன்.
நவம்பர் இருபத்தொன்று.
தபால் பிரிவு வேதமுத்து
நான் கேட்காமலே நகலில் முத்திரை குத்தித் தந்தார்.
ஒன்பதாம் நாள் மெமோ வந்தது:
மந்தம், கவனக்குறைவு, ஒழுங்கீனம்.
அதில் போட்டிருந்த தேதி
நவம்பர் பதினெட்டு.

"பாத்தீங்களா," என்றார் ஜெபராணி,
"நீங்க கேக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே
நீங்க மோசமாம்."

வேதமுத்து சாட்சிக்கு வரமாட்டார்.
"மன்னிச்சிரும்மா,
பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின
ஆபீஸ் லோன் இன்னும் ஓடுது."
அவரைத் திட்ட வாய் வரவில்லை.
முத்திரையில் மை கொஞ்சம் கலங்கியிருக்கிறது,
ஆனாலும் படிக்கலாம்.

எர்ணாவூர் வீட்டில்
ராத்திரி ஒரு மணிக்கு
போனைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறேன்.
யாரோ அனுப்பிய பிறந்தநாள் கேக்,
மீன் விலை, மொட்டை மாடித் துணி,
தெருவில் முழங்கால் தண்ணீர்.
அங்கே விரல் நிற்கிறது.
நவம்பர் பதினெட்டு, காலை ஆறு நாற்பது,
யார்டு குரூப்பில் மேனேஜர்:
"ஆபீஸ்ல தண்ணி. கரன்ட் இல்ல.
இன்னிக்கு யாரும் வராதீங்க, நானும் வரல."

வராத ஆள்
கரன்ட் இல்லாத ஆபீஸில்
மெமோ அடித்து
கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

சிரிப்பு வந்தது. சத்தமாக.
பக்கத்து அறையில் தங்கச்சி
"இன்னாடி ஆச்சு?" என்றாள்.
ஒண்ணுமில்ல, தூங்கு.

படம் பிடித்து ஜெபராணிக்கு அனுப்பினேன்.
அவரும் தூங்கவில்லை போல.
உடனே பதில்:
"போனை மாத்தாதீங்க. எதையும் அழிக்காதீங்க.
சார்ஜ் போட்டு வைங்க."

போட்டேன்.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் போகும்போதெல்லாம்
பிளக் லூசாகிறது.
எழுந்து எழுந்து
அழுத்திவிட்டுப் படுக்கிறேன்.