பெறுமதி, உற்பத்தி நாடு

பொன் என்றால் எனக்குப் பயமில்லை.
உரைகல்லில் ஒரு கோடு, அமிலம் ஒரு சொட்டு,
நின்றால் நிற்கும், கரைந்தால் கரையும்.
மட்டக்களப்பு மத்திய வீதியில்
இருபத்தாறு வருடம் இதுதான் என் நீதி.

திராய்மடுவிலிருந்து மழைக்குள் வந்த டொரின் ராகல்
மேசைவிரிப்பை அவிழ்த்து வைத்தது பொன் அல்ல.
மண்டலின்.
பாதியாய்ப் பிளந்த பூசணிபோல் முதுகு.
"அடகுக்கில்ல, பேரின்பம். விலை மட்டும் சொல்லு."

மகன் மெல்பேர்னிலிருந்து கேட்கிறானாம்.
அனுப்பும் படிவத்தில் இரண்டு கட்டம் காலி:
பெறுமதி. உற்பத்தி நாடு.
கூட்டி எழுதினால் அவனுக்கு வரி,
குறைத்து எழுதினால்
வழியில் உடைந்ததற்கு ஒன்றும் வராது.

"நாடு போர்த்துக்கல். கப்பலில வந்தது.
இந்தத் தகடு ஆமை ஓடு."
ஆமை ஓடென்றால் அனுப்ப விடமாட்டார்கள் என்றேன்.
பெருமையும் பயமும்
ஒரே கதிரையில் இருக்கப் பார்த்தன அவர் முகத்தில்.

கட்டைவிரலால் தகட்டைத் தேய்த்தேன்,
சூடேறும் மட்டும், இன்னும் கொஞ்சம்.
மோந்தேன்.
கற்பூரம்.
கழுதைக்குத் தெரியுமா என்று கேட்பார்களே, அதே வாசனை.
ஓடென்றால் மயிர் கருகும் மணம் வரும்;
இது செலுலாயிட், பழைய சீப்புகளின் சாதி.
அவரும் குனிந்து மோந்தார்.
"கோயில் மணக்குது" என்றார்.
எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை.

தோட்டின் திருகாணி பார்க்கும் சின்னக் கண்ணாடியை
ஓட்டைக்குள் விட்டு, போன் வெளிச்சம் பிடித்தேன்.
தூசி. கரப்பான் முட்டை. ஒரு சட்டைப் பொத்தான்.
அதற்கப்பால், பூச்சி தின்றது போக மீந்த லேபல்:
செக்கோ,
ஒரு சிறு கோடு,
ஸ்லோவாக்கியா.

படிவத்தோடு வந்த பட்டியலில் விரல் ஓட்டினோம்.
சைப்ரஸ். செக்கியா. டென்மார்க்.
அந்த நாடு இல்லை.
நாடு போய்விட்டது, அதன் பெட்டி
என் மேசையில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்ப போர்த்துக்கல்?"
உரைகல்லை ஒருபக்கம் தள்ளி வைத்தேன்,
அதற்கு வேலை இருப்பதுபோல.
கொஞ்ச நேரம் மழைதான் பேசியது.
"எங்கட கிழவனுக்கு நல்லா வாசிக்கத் தெரியும்"
என்றார், பிறகு, மெல்ல:
"ரெண்டு விதமாயும்."

தந்தி எட்டு. ஏழு எஃகு, ஒன்று தங்கூசி.
மீன் பிடிக்கிற தங்கூசியா?
"நத்தாருக்கு முதல்நாள் அறுந்துட்டு. கடையெல்லாம் பூட்டு.
சத்தம் குறைவு, ஆனா கையை வெட்டாது."

விலா இருபத்தொன்று, ஒன்றில் வெடிப்பு.
உப்பு ஏறிய தடம் எங்குமில்லை.
டச்பார் வீட்டில் இருந்த சாமானில் அது எப்படி?
"கடல் வந்த அண்டைக்கு இது டவுனில,
திருத்தக் குடுத்த இடத்தில கிடந்தது.
முந்நூற்றைம்பது ரூபா கூலி.
சல்லி இல்ல, எடுக்கல.
எடுத்து வெச்சிருந்த வயலின் போய்ட்டு.
வீடும்."
அதற்குமேல் அவர் எண்ணவில்லை.

கடதாசியில் இரண்டு பக்கம் கோடு போட்டேன்.
கழுத்து வளைவு, கழிவு. வெடிப்பு, கழிவு. தங்கூசி, கழிவு.
லேபல், கூட்டு.
கட்டாத கடனால் தப்பியதை
எந்தப் பக்கம் எழுத?
பேனை நின்றது. என் தொழிலில்
கட்டாத கடனுக்கு ஒரே ஒரு முடிவுதான் தெரியும்:
ஏலம்.

இருபத்தெண்ணாயிரம் என்றேன்.
டொரின் சிரித்தார், பல்லில்லாத பக்கமாக.
"அந்த முந்நூற்றைம்பதையும் கழிச்சுப்போட்டு எழுது.
இன்னும் குடுத்து முடிக்கல்ல.
அந்த மனுசனையும் கடல் கொண்டுபோட்டுது."

27,650.
மற்றக் கட்டத்தை அவரே நிரப்பினார்,
சோதனையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாததுபோல்
இடதுகையால் மறைத்துக்கொண்டு.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
கொஞ்சம் பார்த்தேன். தெரியவில்லை.

பின்னேரம் எட்டரைப் பவுன் கொடி ஒன்று வந்தது.
உரைத்தேன், சொட்டு விட்டேன், கோடு நின்றது.
சரியான பொன்.
சங்கிலியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது
கட்டைவிரல் மூக்குக்குக் கிட்ட வந்தது.

கழுதை
ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது.