பிணைச்சல்

கஸ்தூரியார் வீதியில் மின்சாரம் போன நேரம்
யோகச்சந்திரன் கைப்பேசி வெளிச்சத்தில்
இரண்டு கமராக்களை வெளியே எடுக்கிறார்,
நகைக்கடைக்காரரைப் போல அல்ல,
சந்தையில் செவுளைத் தூக்கிக் காட்டுகிறவரைப் போல.

முதலாவது கனதி.
சென்சர் பெரிசு, படம் உடைந்த கண்ணாடிபோல் கூர்.
"இருட்டிலையும் சீலையின்ர நூலை எண்ணலாம், தங்கச்சி."
திரை முதுகோடு கிடக்கிறது
முத்திரை ஒட்டினது போல.

மற்றதின் சென்சர் கொஞ்சம் சின்னன்.
பொழுது பட்டால் நிழல்களில் ரவை கொட்டும்,
அதை அவரே சொன்னார்.
ஆனால் திரை
ஒரு சின்னப் பிணைச்சலில் கதவுபோல் திறக்கிறது.
மேலே பார்க்கிறது, கீழே பார்க்கிறது,
முழுதாய்த் திரும்பி
என்னையே பார்க்கிறது.
பொட்டு சரிந்திருந்தது.
சரிசெய்துகொண்டேன், விலை கேட்க முன்.

பதினையாயிரம் வித்தியாசம்.
பெரிய சென்சருக்குத்தான் கூட.

நிரோசினி மூன்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள்.
படத்தின் தரம்தான் முக்கியமாம்,
திருப்புகிற திரை விளையாட்டுச் சாமானாம்,
முகம் பார்க்கிற பெடியளுக்காம்.
அவள் கலியாணவீடுகள் எடுக்கிறவள்.
மணவறைக்கு முன்னால்
நினைத்த இடத்தில் குந்துவாள்.

எனக்கு வலது முழங்கால் மடியாது,
இருபத்தொரு வயதிலிருந்து.
யோகச்சந்திரன் கண்டார்.
கதிரையைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டார்.
ஏன் என்று கேட்கவில்லை.
இங்கே அதைக் கேட்கிறவர்
பெரும்பாலும் விமானத்தில் வந்தவராயிருப்பார்.

நான் எடுப்பது நண்டுகள்.
பண்ணைப் பாலத்தருகே வற்று நீர் நேரம்,
ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த,
ரூபாக் குத்தி அளவு நண்டுகள்.
நூற்றுக்கணக்கில் வெளியே வந்து கையசைக்கும்,
கடைசி பஸ்ஸை மறிக்கிறவர்களைப் போல.
நின்றபடி எடுத்தால் அவை
சேற்றில் சிந்தின மஞ்சள்.
அவற்றின் கண்மட்டத்துக்குக் கமரா போனால்தான்
அந்தக் கைக்குப் பின்னால் வானம் வரும்.

நாலு வருசமாய்ப் பழைய கமராவைச் சேற்றில் வைத்து
குத்துமதிப்பாய்த்தான் அமுக்கினேன்.
நூறு படத்தில் தொண்ணூறு சேறு,
ஒன்பது வானம்,
ஒன்றில் அரை நண்டு.
அதைத்தான் சட்டம் போட்டு அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன்.
சங்கத்துக்குக் கடன் கட்ட வருகிற ஆட்கள்
இது என்ன பூ என்று கேட்பார்கள்.

"இறக்கிப் பார்க்கலாமோ?"
"தாராளமா."
பட்டியைப் பிடித்து, கிணற்றில் வாளி விடுவதுபோல்,
இரண்டாவதைத் தரையில் இருத்தினேன்.
திரை அண்ணாந்து என்னைப் பார்த்தது.
நிமிர்ந்து நின்றபடியே கண்டேன்
அலுமாரிக்குக் கீழே உள்ள ஊரை:
தூசு உருண்டை, ஒரு புரியாணி,
பல்லி முட்டையின் கோது,
அப்பால் வட்டமாய் ஏதோ கறுப்பு.

"ஐயோ, என்ர லென்ஸ் மூடி!"
யோகச்சந்திரன் படுத்தே விட்டார் தரையில்.
சித்திரையில் துலைந்ததாம்,
வேலைக்கு நின்ற பெடியனைப் பேசினதாம்.
எழும்பிச் சேட்டைத் தட்டிக்கொண்டு
இரண்டாயிரம் குறைத்தார்.
பிறகு, மெதுவாக,
"அந்தப் பெடியனுக்கு ஒருக்கா எடுக்கவேணும்" என்றார்.

மின்சாரம் வந்தது.
வெளிச்சத்தில் பெரிய சென்சர் இன்னும் வடிவாய்த்தான் இருந்தது.
ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.
நான் மடியாத இடத்தில்
ஏதோவொன்று மடியவேண்டும்.
காசை எண்ணினேன்.

ஞாயிறு பின்னேரம், பண்ணை.
ஒரு நண்டு, முழு நண்டு,
முழு வானத்தையும் மறித்துக் கை தூக்கி.
நிரோசினி படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து
மூலைக்குப் போனாள்.
"நிழலுக்குள்ள ரவை கிடக்கு."
"ஓம்," என்றேன்,
"அது சேறு."